கணக்கு கடையில், எண் கிளவுடில்

2017 ஜூன் 30 வரை மும்பைக்குச் சரக்கு ஏற்றி வந்த லாரிகள் முலுண்ட், ஐரோலி, மான்கூர்ட், தஹிசர் நாக்காக்களில் வரிசை கட்டி நின்று ஆக்ட்ராய் என்ற நகர நுழைவு வரியைக் கட்டிய பிறகுதான் நகருக்குள் நுழைந்தன. மும்பை மாநகராட்சிக்கு இருந்த வருவாய்களில் மிகப் பெரியது அது. ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது, ஆக்ட்ராய் போயிற்று. ஆனால் சரக்கைக் கணக்குப் பார்க்கும் வேலை ஒழிந்துவிடவில்லை. சாலையோரத்திலிருந்து கடையின் பில்லுக்குள் குடிபுகுந்தது. முலுண்ட் மேற்கில் எல்.பி.எஸ். மார்க் ஓரமாக உள்ள ஒரு ஹார்டுவேர் மொத்த வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டியவர். நாசிக்கில் உள்ள கடைக்காரருக்கு அவர் சரக்கு அனுப்ப வேண்டுமானால், தன் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கும் கணக்கு மென்பொருளில் பில் போட வேண்டும். அந்த விவரம் இணையம் வழியாக அரசு அங்கீகரித்த சர்வருக்குப் போய், அங்கிருந்து ஓர் எண் திரும்பி வர வேண்டும். எண் வந்தால்தான் டெம்போ கிளம்பும். சொந்தக் கம்ப்யூட்டரில் உள்ள மென்பொருளையும் எங்கோ ஓடும் கிளவுட் சேவையையும் சேர்த்துப் பயன்படுத்தச் சம்மதமா என்று அவரை யாரும் கேட்கவில்லை. சட்டமே சேர்த்து வைத்துவிட்டது.

ஆகவே "கிளவுடா, சொந்தக் கம்ப்யூட்டரா?" என்று விற்பனைப் பிரதிநிதிகள் கேட்கும் கேள்விக்கு இன்று பொருள் குறைவு. மென்பொருளே வேண்டாம், பிரவுசர் போதும் என்ற முழக்கத்தோடு சேல்ஸ்ஃபோர்ஸ் 1999-இல் அமெரிக்காவில் தொடங்கியது. கணினித் திறனையும் சேமிப்பிடத்தையும் வாடகைக்கு விடும் தொழிலை அமேசான் 2006-இல் தொடங்கியது. மென்பொருள் விற்றே வளர்ந்த மைக்ரோசாஃப்ட்டுக்குள் 2005-லேயே, அங்கு தொழில்நுட்பத் தலைமையில் இருந்த ரே ஓஸி, இனி இரண்டும் சேர்ந்துதான் போக வேண்டியிருக்கும் என்ற திசையை வகுத்துக் குறிப்பு எழுதினார். இந்தியாவில் இந்த இரு முனைகளுக்கும் நம்முடைய நிறுவனங்களே அடையாளமாக நிற்கின்றன. 1986-இல் தொடங்கி பெங்களூரிலிருந்து வளர்ந்த கணக்கு மென்பொருள் நிறுவனமான டாலி, கணக்கு கடைக்காரரின் கம்ப்யூட்டரிலேயே இருக்க வேண்டும் என்ற நிலையில் பல ஆண்டுகள் நின்றது. 1996-இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் ஸ்ரீதர் வேம்புவும் கூட்டாளிகளும் தொடங்கிய, சென்னையை மையமாகக் கொண்ட சோஹோ, பிரவுசரில் ஓடும் சேவைகளால் உலகறிந்தது. இரண்டும் இன்று நடுவழியில் சந்திக்கின்றன. டாலியிலிருந்தே ஜிஎஸ்டி தளத்தோடு பேசலாம், வாட்ஸ்அப்பில் பில் அனுப்பலாம், அமேசான் சர்வரிலேயே வைத்தும் ஓட்டலாம். சோஹோவின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவோ, வாடிக்கையாளர் தன் சர்வரிலேயே நிறுவிக்கொள்ளும் மென்பொருள்களை இன்றும் விற்கிறது. இருபது ஆண்டுச் சண்டைக்குப் பிறகு இருவரும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள் என்றால், இந்தக் கலப்பை இடைக்கால ஏற்பாடு என்று நினைப்பது தவறு. இதுதான் நிலையான ஏற்பாடு. எதை எந்தப் பக்கம் வைப்பது என்ற கோட்டை யார் போடுகிறார்கள் என்பதே மிச்சமிருக்கும் கேள்வி. அந்தக் கோட்டை வியாபாரி தெரிந்து போட வேண்டும் என்பதும், கணக்கின் மூலப்பிரதி எவருடைய அனுமதியும் இல்லாமல் அவரே திறந்து பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முலுண்ட் வியாபாரிக்கு அந்த எண்ணைத் தரும் இ-இன்வாய்ஸ் முறை வேலை செய்யும் விதத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் இந்தக் கோட்டின் இயல்பு விளங்கும். 2020 அக்டோபர் 1 அன்று 500 கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்களுக்கு மட்டும் தொடங்கிய முறை இது. வரம்பு படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடியில் நிற்கிறது. கடையின் மென்பொருள் பில்லை ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் பதிவுத் தளத்துக்கு அனுப்புகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, ஆவண எண், நிதியாண்டு ஆகிய நான்கையும் ஒரு கணித வாய்ப்பாட்டில் இட்டால் 64 எழுத்துகள் கொண்ட எண் ஒன்று பிறக்கிறது. தளம் அதைப் பதிவு செய்து, தன் டிஜிட்டல் கையொப்பத்தோடு ஒரு கியூஆர் குறியைத் திருப்பி அனுப்புகிறது. கையொப்பம் அந்தக் குறிக்குள்ளேயே இருப்பதால், வழியில் லாரியை நிறுத்தும் அதிகாரி இணைய இணைப்பு இல்லாமலே பில் உண்மையானதா என்று சரிபார்க்கலாம். இதில் கிளவுட் செய்வது சாட்சியின் வேலை மட்டுமே. சரக்கு எவ்வளவு இருக்கிறது, யார் எவ்வளவு பாக்கி, எந்த வாடிக்கையாளருக்கு எந்த விலை என்பதெல்லாம் கடையின் மென்பொருளில்தான் இருக்கின்றன. பதிவுத் தளம் ஆவணக் காப்பகமும் அல்ல. ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கும் கடமையை ஜிஎஸ்டி சட்டம் வியாபாரியின் தலையில்தான் வைத்திருக்கிறது. அரசு தன் பங்கை மிகத் தெளிவாக வரையறுத்துக்கொண்டது. வியாபாரிகளில் பெரும்பாலோர் தங்கள் பங்கை இன்னும் வரையறுக்கவில்லை.

எல்லாவற்றையும் கடையிலேயே வைத்துக்கொள்வோம், எண் வாங்க மட்டும் இணையம் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. கணக்கு வெளியே போனால் எவர் கண்ணில் படுமோ என்ற அச்சமும் அதில் கலந்திருக்கிறது. இந்த நிலை மும்பையில் செல்லாது என்பதற்கு ஒரு தேதி போதும். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தது. மிட்டி ஆறு கரை உடைத்தது. தாராவி முதல் குர்லா வரை தரைத்தளங்கள் மூழ்கின. தரைத்தளக் கடையில் மேசைக்கு அடியில் இருக்கும் கம்ப்யூட்டரும் அதன் பக்கத்து அலமாரியில் இருக்கும் பென் டிரைவும் ஒரே தண்ணீரில் நனையும். அந்த பென் டிரைவை பேக்கப் என்று சொல்லிக்கொள்வதில் பயனில்லை. கடைக்கு வெளியே, வேறு நிலத்தில் ஒரு பிரதி இருந்தே ஆக வேண்டும். முலுண்டிலிருந்து பாலத்தைக் கடந்தால், தாணே கழிமுகத்துக்கு அக்கரையில் ஐரோலி. அங்கும் அதை ஒட்டிய ரபாலே, மஹாபே பகுதிகளிலும் நாட்டின் பெரிய டேட்டா சென்டர்கள் பல நிற்கின்றன. மைக்ரோசாஃப்ட் 2015-லும் அமேசான் 2016-லும் மும்பையில் தங்கள் கிளவுட் மையங்களைத் திறந்தன. 2020 அக்டோபர் 12 காலையில் மும்பை முழுவதும் மின்சாரம் போய் லோக்கல் ரயில்கள் தண்டவாளத்திலேயே நின்றன. அப்படிப்பட்ட நாளுக்காகவே அந்தக் கட்டடங்களில் டீசல் ஜெனரேட்டர்கள் வரிசையாக நிற்கின்றன. ஒரு சிறு கடையால் அந்த வசதியைச் சொந்தமாகக் கட்ட முடியாது. வாடகைக்கு எடுக்க முடியும். ஆனால் ஒன்று: ஒரே மழையும் ஒரே மின்தொகுப்பும் தொடும் தூரத்தில் இரண்டு பிரதிகளையும் வைக்காமல், ஒன்றைச் சென்னையிலோ ஹைதராபாத்திலோ உள்ள மையத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்பவர்கள் குறைவு.

எதிர்முனையில் நிற்பவர்களின் வாதம் இன்னும் வலுவானது. அப்படியானால் எல்லாவற்றையும் கிளவுடிலேயே வைத்துவிடுங்கள், கடையில் வெறும் பிரவுசர் போதும், பேக்கப்பும் வைரஸ் தடுப்பும் நிபுணர்களின் தலைவலி என்கிறார்கள். இதற்கு விடையாக இரண்டு நிகழ்வுகளைச் சொல்லலாம். 2024 ஜூலை இறுதியில் சி-எட்ஜ் டெக்னாலஜீஸ் என்ற நிறுவனத்தின் அமைப்புகளில், கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதல் நடந்தது. டிசிஎஸ்ஸும் ஸ்டேட் வங்கியும் கூட்டாக நடத்தும் நிறுவனம் அது. கூட்டுறவு வங்கிகள், கிராம வங்கிகள் என ஏறத்தாழ 300 சிறு வங்கிகள் அதன் சேவையை நம்பியிருந்தன. பாதிப்பு பரவாமலிருக்க தேசியப் பணப்பரிமாற்றக் கழகம் ஜூலை 31 அன்று அந்த நிறுவனத்தின் இணைப்பைத் துண்டித்தது. மறுநாள் சரியானது என்றாலும், தங்கள் தவறு ஏதுமில்லாமல் 300 வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் நின்றார்கள். தனித்தனிக் கம்ப்யூட்டர்கள் தனித்தனியாகக் கெடும். பகிர்ந்த சேவை கெட்டால் அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கெடும்.

இரண்டாவது நிகழ்வு இதைவிடக் கவலை தருவது. அதில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை, எவரும் திருடவில்லை. நயாரா எனர்ஜியின் தலைமையகம் மும்பையில், சுத்திகரிப்பு ஆலை குஜராத்தின் வாடினாரில். ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட் அதில் பங்குதாரர் என்பதால் 2025 ஜூலை 18 அன்று ஐரோப்பிய ஒன்றியம் நயாரா மீது பொருளாதாரத் தடை அறிவித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் தன் மின்னஞ்சல், டீம்ஸ் சேவைகளை நயாராவுக்கு நிறுத்தியது. உரிமத்துக்கு முழுப் பணமும் கட்டியிருந்தும் தங்கள் தரவையே தாங்கள் எட்ட முடியவில்லை என்று முறையிட்டு நயாரா தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மாத இறுதிக்குள் சேவை திரும்பியது. நயாரா வழக்கறிஞர்களை அமர்த்த முடிந்த பெரிய நிறுவனம். முலுண்ட் வியாபாரிக்கு அந்த வசதி கிடையாது. சர்வர் மும்பையிலேயே இருந்தாலும் சாவி வேறொரு கண்டத்தின் சட்டத்துக்குக் கட்டுப்பட்டிருக்கலாம் என்பதை இதற்கு முன் கருத்தரங்குகளில் மட்டும்தான் பேசினார்கள். கம்ப்யூட்டரில் நிறுவிய மென்பொருளுக்கு இங்கேதான் மதிப்பு. டாலிபிரைமின் ஒருவர் பயன்பாட்டு உரிமத்தை வரி நீங்கலாக 22,500 ரூபாய் பட்டியல் விலையில் ஒருமுறை வாங்கியவர், ஆண்டுச் சந்தாவைப் புதுப்பிக்காமல் விட்டாலும் பழைய கணக்கைத் திறந்து பார்க்கலாம். இணைய வசதிகள்தான் நிற்கும். சந்தாவில் மட்டுமே ஓடும் சேவையில் பணம் நின்றால் கதவும் சாத்தப்படும்.

இரண்டையும் சேர்த்தால் இரண்டின் பலவீனமும் சேர்ந்துவிடாதா என்ற ஆட்சேபத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆக்ட்ராய் ஒழிந்த அதே வாரத்தில், 2017 ஜூன் 27 அன்று, நாட்பெட்யா என்ற நாசநிரல் உலகைச் சுற்றியது. அது கிளம்பிய இடம் உக்ரைனில் வியாபாரிகள் தங்கள் கம்ப்யூட்டர்களில் நிறுவியிருந்த ஒரு வரிக்கணக்கு மென்பொருள். தாக்கியவர்கள் அதன் இணையவழிப் புதுப்பிப்புக்குள் நுழைந்து அதன் வழியே நிரலைப் பரப்பினார்கள். நிறுவிய மென்பொருளும் இணையச் சேவையும் சேரும் அந்த மூட்டில்தான் ஓட்டை. மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் முடங்கியது. நவி மும்பைக்குத் தெற்கே நவசேவாவின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் அக்குழுமம் நடத்திய முனையத்தின் வேலையும் நின்றது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் செயலிழந்து, இந்திய விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்ததும் இதே மூட்டில் நேர்ந்ததுதான். இதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் மேர்ஸ்க் மீண்டெழுந்த கதையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அதன் வலையமைப்பின் பயனர் விவரங்களை வைத்திருந்த சர்வர்கள் ஒன்றோடொன்று ஓயாமல் ஒத்திசைந்துகொண்டிருந்ததால், எல்லாம் ஒன்றாக அழிந்தன. கானா நாட்டு அலுவலகத்தில் மின்தடையால் இணைப்பறுந்து கிடந்த ஒன்று மட்டும் தப்பியது. அதை வைத்தே மற்றவற்றை மீட்டார்கள். அங்கே தற்செயலாக நடந்ததைக் கடையில் திட்டமிட்டுச் செய்யலாம்: வாரம் ஒருமுறை எடுத்து, வலையிலிருந்து கழற்றி, கடைக்கு வெளியே வைக்கும் ஒரு வெளி டிஸ்க். ஒத்திசைவும் பேக்கப்பும் ஒன்றல்ல. ஒத்திசைவு நல்ல கணக்கைப் போலவே கெட்ட கணக்கையும் உடனே பிரதியெடுத்துவிடும்.

ஒரே கணக்கை இரண்டு இடங்களில் வைப்பது இரட்டை வேலை என்பதும் அடிக்கடி கேட்கும் குறை. இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. 2022 ஜனவரி 1 முதல், விற்றவர் தாக்கல் செய்த பில் வாங்கியவரின் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வந்தால்தான் வாங்கியவருக்கு உள்ளீட்டு வரிக்கழிவு கிடைக்கும். எனவே ஒவ்வொரு மாதமும் கடையின் கொள்முதல் பதிவேட்டை அரசின் சர்வரில் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். சொந்தப் பதிவு இல்லாதவருக்கு ஒப்பிட எதுவும் இல்லை. அரசின் பட்டியல் சொன்னதே கணக்கு என்று ஏற்க வேண்டியதுதான். பர்மாவில் லேவாதேவி நடத்திய நகரத்தார் இந்த முறையைக் காகிதத்தில் செய்தார்கள். முகவர் அன்றாட வரவு செலவை அங்கேயே பேரேட்டில் எழுதினார். குறித்த காலத்துக்கொரு முறை ஐந்தொகை எடுத்துச் செட்டிநாட்டில் இருந்த முதலாளிக்கு அனுப்பினார். முழுப் பேரேடு ஓரிடம், அதன் சாரம் வேறிடம், இரண்டையும் பொருத்திப் பார்க்கும் உரிமை முதலாளிக்கு. அந்தப் பொருத்திப் பார்த்தலில்தான் தவறும் திருட்டும் வெளிப்படும்.

கோட்டை எங்கே போடுவது என்பதற்கு நடைமுறையில் ஒரே சோதனைதான்: இணைப்பு அறுந்த நாளில் எந்த வேலை நடந்தாக வேண்டும்? பில் போடுவது, இருப்புப் பார்ப்பது, பாக்கி வசூலிப்பது ஆகியவை நடந்தாக வேண்டும். அவை கடையில் இருக்கட்டும். இ-இன்வாய்ஸ் எண், சரக்கு வண்டியோடு போகும் இ-வே பில், வங்கியோடு பரிமாற்றம், வாடிக்கையாளருக்கு பில் அனுப்புதல், வெளியூர்க் கிளையோ ஆடிட்டரோ அறிக்கை பார்த்தல் ஆகியவற்றுக்கு இயல்பிலேயே இரண்டு தரப்பு உண்டு. அவை கிளவுடில் போகட்டும். இந்தச் சோதனையை வைத்துப் பார்த்தால், மும்பையில் இப்போது பரவலாக விற்கப்படும் "டாலி ஆன் கிளவுட்" எப்படிப்பட்ட ஏற்பாடு என்பதும் தெரியும். பல இடங்களில் அது வேறொருவரின் சர்வரில் ஏற்றிய அதே மென்பொருளைத் தொலைவிலிருந்து திறந்து பார்ப்பதுதான். வீட்டிலிருந்து வேலை பார்க்க வசதி, மறுப்பதற்கில்லை. ஆனால் இணைப்பு போனால் பில்லும் போயிற்று, சர்வர்காரர் தொழிலை மூடினால் கணக்கும் போயிற்று. கலப்பின் நன்மை இதில் கிடைக்காது. முழுக் கணக்கும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே. இதை வாங்குபவர் தரவுக் கோப்பு நாள்தோறும் தன் டிஸ்க்குக்கு இறங்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். கம்பெனிகளுக்கு இதில் சட்டக் கட்டாயமும் உண்டு. கணக்கை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனி இந்தியாவுக்குள் உள்ள சர்வரில் தினமும் பேக்கப் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் விதி திருத்தப்பட்டது. யார் எப்போது எந்தப் பதிவை மாற்றினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி பதிவு செய்யும் மென்பொருளையே பயன்படுத்த வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. தனிநபர் உரிமையில் நடக்கும் கடைகளை இந்த விதிகள் கட்டுப்படுத்தாது. அவையும் இவற்றைப் பின்பற்றுவது நல்லது.

5 கோடிக்குக் கீழே இருப்பவர்களின் நிலை வேறு. தாராவியின் தோல் பட்டறை, தையல் யூனிட், செம்பூர், மாட்டுங்கா சந்தைகளின் சில்லறைக் கடை ஆகியவற்றில் பல இடங்களில் கம்ப்யூட்டரே கைபேசிதான். வியாபார் போன்ற செயலிகள் இணையம் இல்லாமலும் பில் போட்டு, பிறகு கூகுள் டிரைவில் பிரதி வைக்க உதவுகின்றன. அளவில் சிறியதானாலும் வடிவத்தில் இது சரியான கலப்பு. வரம்பு 500 கோடியிலிருந்து 5 கோடிக்கு மூன்றே ஆண்டுகளில் இறங்கியதைப் பார்த்தால் ஒருநாள் இவர்களையும் எட்டும் என்று எதிர்பார்ப்பதே விவேகம். அப்போது தளம் நின்றுபோனால் என்ன செய்வது? தளம் நின்ற வரலாறு உண்டு. 2018 பிப்ரவரி 1 அன்று நாடெங்கும் தொடங்கிய இ-வே பில் முதல் நாளே சுமை தாங்காமல் முடங்கி, ஏப்ரல் 1-க்குத் தள்ளிப்போனது. 2025 ஜனவரியில் விற்பனை அறிக்கையான ஜிஎஸ்டிஆர்-1 தாக்கலுக்குக் கடைசி நாள் நெருங்கும் நேரத்தில் ஜிஎஸ்டி தளம் நின்றதால் கெடு 13-ஆம் தேதிக்கு நீட்டிக்கப்பட்டது. அரசு இதிலிருந்து பாடம் கற்றுக்கொண்டதையும் சொல்ல வேண்டும். இ-இன்வாய்ஸுக்கு 2023-இல் தனியார் பதிவுத் தளங்களுக்கும் அனுமதி தந்தது; 2025 ஜூலையில் இ-வே பில்லுக்கு இரண்டாவது தளத்தைத் திறந்தது. ஆனால் இவை அனைத்தும் அரசின் பக்கத்துச் சர்வர்களைப் பெருக்கும் ஏற்பாடுகள். வியாபாரியின் பக்கத்து இணைப்பு அறுந்தால் வழி இன்னும் இல்லை. பதிவு எண் இல்லாத பில், பில்லே அல்ல என்கிறது ஜிஎஸ்டி விதி 48(5).

வழி இல்லாதது தொழில்நுட்பக் குறையால் அல்ல. மின்னணு பில் முறையில் நமக்கு முன்னோடியான பிரேசில், இணைப்பு இல்லாதபோது கடையிலேயே பில் வெளியிட்டுப் பிறகு அனுப்பும் அவசரகால முறையைச் சில்லறை விற்பனைக்கு வைத்திருக்கிறது. போலந்து தன் தேசிய மின்னணு பில் முறையில், இணைப்பற்ற நிலையில் பில் தயாரித்து அடுத்த வேலை நாளுக்குள் ஏற்றும் வழியைச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நம் 64 எழுத்து எண்ணோ பொது வாய்ப்பாட்டிலிருந்து பிறப்பது. கடையின் கம்ப்யூட்டரே அதைக் கணக்கிட்டுவிட முடியும், பதிவு செய்வதற்குத்தான் தளம் தேவை. டிஜிட்டல் கையொப்பத்துக்கு 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டமே இடம் தந்திருக்கிறது. உரிமம் பெற்ற மென்பொருள் கடையிலேயே எண்ணைக் கணக்கிட்டு, வியாபாரியின் கையொப்பத்தோடு பில்லை வெளியிட்டு, 24 மணி நேரத்துக்குள் பதிவு செய்தால் அது செல்லும் என்று ஒரு துணைவிதி சேர்த்தால் போதும். போலி பில் பெருகும் என்ற அச்சத்துக்கும் விடை அதிலேயே இருக்கிறது: எண் முன்பே தீர்மானமாகிவிடுவதால் ஒரே பில்லை இருமுறை பதிய முடியாது, கெடுவுக்குள் பதியாத பில்லுக்கு வாங்கியவரின் 2பி-யில் இடமும் இருக்காது. 5 கோடி வரம்பை இன்னும் கீழே இறக்குவதற்கு முன்பு ஜிஎஸ்டி கவுன்சில் இந்தத் துணைவிதியைக் கொண்டுவர வேண்டும். வியாபாரிகள் சங்கங்கள் கவுன்சிலிடம் வைக்கும் கோரிக்கைகளில், வரி விகிதத்துக்கு அடுத்த வரியிலேயே இதையும் எழுதலாம்.